திறவுகோலின் விலை: கணினிக் கப்பம் பற்றிய ஓர் அறவிசாரணை

களவு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு பொருள் ஓரிடத்தினின்றும் பெயர்ந்து பிறிதோரிடம் சேர்தலையே நாம் எண்ணுகின்றோம். மாட்டைக் கள்வன் ஓட்டிச் செல்கிறான். பட்டியில் மாடு இல்லை. நெல்மூடையைத் தூக்கிச் செல்கிறான். கொட்டிலில் மூடை இல்லை. உரியவன் இழந்ததும் கள்வன் பெற்றதும் ஒரே பொருளாக இருத்தலே களவின் இலக்கணம் என இதுகாறும் கொள்ளப்பட்டு வந்தது. ஆனால், பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, உரியவன் மாத்திரம் அதனை இழந்தவனாதல் கூடுமா? கள்வனுக்கு அப்பொருளால் எவ்விதப் பயனும் இல்லாதிருக்கவும், அதன்பொருட்டு உரியவன் அவனுக்கு விலை கொடுக்க வேண்டி நேருமா? தத்துவ வகுப்பிலே மாணவரின் அறிவைச் சோதிப்பதற்கெனப் புனையப்பட்ட வினாவாக இது தோன்றலாம். எனினும், கணினியைக் கையாளும் எவரும் இன்று எதிர்நோக்கக்கூடிய நிலைமை இதுவேயாகும்.

ஆங்கிலத்தில் றான்சம்வெயார் என வழங்கும் இதனைக் கப்ப மென்பொருள் எனலாம். ஆளைக் கடத்தியவனுக்குக் கொடுக்கும் பணத்தைக் கப்பம் என்று சொல்லும் வழக்கு எமது நாட்டிலே நன்கு ஊன்றிவிட்டதாதலின் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. இம்மென்பொருள் கணினியினுட் புகுந்து, அங்குள்ள எழுத்துகள், படங்கள், கணக்குகள் ஆகியவற்றை ஒரு கணித முறையினால் உருமாற்றி வைக்கின்றது. கோப்புகள் யாவும் தத்தம் இடத்திலேயே இருக்கும். ஆனால் அவற்றைத் திறக்கவியலாது. திறவுகோல் வேண்டுமாயின் இத்தனை டொலரைப் பிட்கொயினாகச் செலுத்துக என்ற அறிவித்தல் ஒன்று மாத்திரம் திரையிலே தெளிவாக வாசிக்கத்தக்கதாய் நிற்கும்.

இதன் வரலாறு சுவையானது. 1989ஆம் ஆண்டு டிசெம்பரிலே, எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் அடங்கியது என்று கூறி ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்குத் தபால்மூலம் அனுப்பப்பட்டன. அவற்றை இட்ட கணினிகள் பலமுறை மீள இயக்கப்பட்டபின் முடங்கின. பனாமா நாட்டிலுள்ள ஒரு தபாற்பெட்டிக்கு 189 டொலர் அனுப்புமாறு அச்சுப்பொறி வழியே கட்டளை வந்தது. ஜோசப் பொப் என்ற உயிரியல் அறிஞர் ஒருவர் இதன் தொடர்பாகக் கைதானார். அவரது பூட்டு எளியது. பிறர் அதனை விரைவில் உடைத்துவிட்டனர். அதன்பின் 1996இல் அடம் யங், மொட்டி யுங் என்னும் ஆய்வாளர் இருவர், பூட்டுவதற்கு ஒரு சாவியும் திறப்பதற்கு வேறொரு சாவியும் கொண்ட மறையீட்டு முறையை இத்தகைய குற்றத்துக்குப் பயன்படுத்தினால் விளையும் கேட்டினை முன்கூட்டியே எடுத்துக் காட்டினர். பூட்டும் சாவி பாதிக்கப்பட்டவரின் கணினியிலேயே கிடந்தாலும் அதனாற் பயனில்லை. திறக்கும் சாவி கள்வனிடம் மட்டுமே உண்டு. வங்கிப் பணத்தையும் அந்தரங்கக் கடிதத்தையும் காக்கின்ற அதே கணிதந்தான் இங்கு கப்பக்காரனுக்கும் ஏவல் செய்கின்றது. அறிவு தன்னை எவர் கையாளுகின்றார் என்று கேட்பதில்லை.

எமது நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நோக்குதல் தகும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதியளவில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்ப மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் முறைமையை விரைவில் மீள இயக்கியது. ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான நூறு நாள்களுக்கு மேற்பட்ட காலத்துக் கடிதங்கள் இல்லாதொழிந்தன. அக்காலத்துக்கு, இணைப்பினின்றும் பிரித்து வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதை அந்நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிப்பதற்கு நிதி போதாமையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. நாடு வங்குரோத்து நிலையை அடைந்திருந்த காலமாதலின் அதனை முற்றாகப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து அதனைத் தனியே கழற்றி வைப்பதற்கு வேண்டியது பெரும்பாலும் பணமன்று, பழக்கம். அப்பழக்கம் தாக்குதலின் பின்னரே வந்தது.

இந்நிகழ்ச்சியிலே குற்றவாளி யார் என்று கேட்டால், தாக்கியவன் என்பதே முதல் விடை. அதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இத்தகையோரையே நோக்கி எழுதப்பட்டது. எனது வினா வேறு. பிறருடைய பதிவுகளைத் தன்னிடம் வைத்திருப்பவன், அவற்றுக்குத் தனிப் பிரதி வையாதிருத்தல் அறியாமையா, அன்றேற் குற்றமா?

வன்னி மண்ணிற் பிறந்தோருக்கு இவ்வினா நூலறிவால் எழுவதன்று. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவின் ஊர்களிலிருந்தும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தவர்கள் வீட்டை விட்டனர், வயலை விட்டனர், மாடுகளை அவிழ்த்து விட்டனர். விடாது கொண்டு சென்றது ஒரு பையை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஆகியன பொலித்தீனாற் சுற்றப்பட்டு அதனுள் இருந்தன. பதுங்குகுழிக்குள் இறங்கும்போதும் அப்பை உடனிறங்கிற்று. கணினித் துறையினர் இன்று இணைப்பற்ற பிரதி என்று கூறுவதன் மெய்ப்பொருளை எம்மவர் அப்பையினாற் கற்றிருந்தனர் எனலாம். ஆனால் அப்பையும் ஒன்றே ஒன்றுதான். அது நீரிலோ நெருப்பிலோ போனபோது, இன்னார் மகன் இன்னார் என்பதை நிறுவுவதற்கு ஒருவர் முகாமிலிருந்தும் பின்னர் நடமாடும் சேவைகளிலும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு நின்றவர்களுக்குச் சான்றிதழின் பிரதி கிடைத்ததாயின், அதற்குக் காரணம் பதிவாளர் ஒவ்வொரு பிறப்பையும் இரட்டைப் பிரதியாகப் பதியவேண்டும் என்று எவரோ முன்னொரு காலத்தில் விதித்து வைத்தமையேயாகும்.

காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசுமாருடைய நடைமுறையும் இவ்வகையிற் கருதத்தக்கது. உறுதியின் மூலம் உரியவர் கையிற் செல்கின்றது. இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. மூன்றாவது பிரதி நொத்தாரிசின் பாதுகாப்பில் இருக்கின்றது. மூன்று பிரதி, மூவர் காவல், மூன்று இடம். கணினிப் பாதுகாப்பாளர் இன்று பரிந்துரைக்கும் விதியோ மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்றாவது வேறிடத்தில் என்பதாகும். கறையானையும் வெள்ளத்தையும் மனத்திற்கொண்டு வகுத்த விதியும் கப்ப மென்பொருளுக்கென வகுத்த விதியும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பது தற்செயலன்று. ஒன்றேயான பொருள் எவனுடைய கைக்கும் பணயமாகும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் அச்சு நூல்கள் பலவற்றை மீளத் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளை அவ்வாறு சேர்க்க முடியவில்லை. தீ ஒன்றுதான், இழப்பு இருவகை.

திருக்குறளில், கேடு வருமுன் காவாதவனைப் பற்றிக் கூறும் குறள் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் வைக்கப்பட்டிருப்பது எனக்கு நெடுநாளாகவே சிந்தனைக்குரியதாய் இருந்து வருகின்றது. அறிவுடைமை என்ற அதிகாரத்திலும் எதிர்வருவதை முன்னறிந்து காத்தல் பேசப்படுகின்றது. அங்கு அது அறிவின் சிறப்பு. இங்கோ காவாமை ஒரு குற்றம். செருக்கு, சினம் முதலியவற்றோடு ஒருங்கு எண்ணத்தக்க குற்றம். தன் பொருளைக் காவாதவனை அறிவிலி என்று விட்டுவிடலாம். பிறர் பொருளைக் காவாதவனை அவ்வாறு விட்டுவிட முடியாது என்பதே இவ்விரு வைப்புக்கும் நான் கொள்ளும் பொருள். உரைகாரர் இவ்வாறு கூறினாரல்லர். பிழையாயின் அது என்னைச் சாரும்.

இனிக் கப்பங் கொடுத்தல் தகுமா என்னும் வினாவுக்கு வருவோம். வெறும் கோட்பாடாகப் பேசுவதிலும் ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்ளுதல் நன்று. கண்டி வீதியருகே ஒரு சிறு படப்பிடிப்பு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் படம்பிடிப்பது அதன் தொழில். எனினும் மீள்குடியேறிய நாள்முதல் அங்கு வேறொரு வேலையும் நடந்து வந்துள்ளது. போரில் இறந்தவரின், காணாமலாக்கப்பட்டவரின் பழைய அடையாள அட்டைப் படத்தையோ, குழுப்படமொன்றின் மூலையில் நிற்கும் முகத்தையோ தாய்மார் கொண்டுவந்து கொடுப்பர். நிலையத்தார் அதனைக் கணினியில் ஏற்றி, கறை நீக்கி, பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுப்பர். கொண்டுவந்த மூலப்படம் காலப்போக்கில் மங்கிவிடும். சுவரில் உள்ளதும் ஈரத்தால் ஊறிவிடும். கணினியிலுள்ள கோப்பே எஞ்சும். அக்கணினியில் உள்ள விண்டோஸ் விலைகொடுத்து வாங்கியதன்று. படந்திருத்தும் மென்பொருளும் இணையத்தில் இலவசமாய் இறக்கிய கள்ளப் பிரதியே. ஒருநாள் அவ்வாறான இறக்கமொன்றின் உள்ளே மறைந்து ஸ்டொப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கப்ப மென்பொருள் வருகின்றது. 980 டொலர் கொடு. 72 மணித்தியாலத்துள் கொடுத்தால் பாதி, 490 டொலர் போதும் என்கிறது. இவ்வெடுத்துக்காட்டிலே நிலையம் கற்பனை. கப்ப மென்பொருள் கற்பனையன்று. அது 2018 முதல் உலகெங்கும் வீட்டுக் கணினிகளையும் மாணவர் கணினிகளையும் இவ்வழியேதான் பாழ்படுத்தியது. கேட்ட தொகையும் இதுவே.

நிலையத்தார் கொடுக்கலாமா? கொடாமைக்கு உரிய நியாயங்கள் வலியன. கொடுத்த பணம் அடுத்தவனைத் தாக்குவதற்கு முதலாகின்றது. இடர்ப்பட்ட எல்லோரும் கொடுப்பதென்றானால் இத்தொழில் ஒருபோதும் ஒழியாது. எல்லோரும் கொடாதிருந்தால் அது பட்டினியால் மடியும். ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற் கூறிய பொதுவிதிச் சோதனையை இட்டுப் பார்த்தால் முடிவு ஐயத்துக்கிடமின்றிக் கொடாமையின் பக்கமே சாயும். அன்றியும், கொடுத்தாற் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2017 ஜூன் 27ஆம் திகதி உக்ரேனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நொட்பெட்யா கப்பங் கேட்டதாயினும், உண்மையில் அழித்தற்கென்றே செய்யப்பட்டது. அதற்குத் திறவுகோலே இருக்கவில்லை. 2021 மே மாதம் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை தாக்கப்பட்டபோது அந்நாட்டு அரசு கப்பங் கொடுக்க மறுத்தது. ஒரு கிழமையளவில் கள்வர் கூட்டமே திறவுகோலை இலவசமாய்க் கொடுத்தது. அப்படியிருந்தும் முறைமைகள் அனைத்தையும் மீட்டெடுக்கச் செப்டெம்பர் வரை சென்றது. திறவுகோல் கைக்கு வருதலும் வீடு பழையபடி குடியிருக்கத்தக்கதாதலும் வெவ்வேறானவை.

இவ்வளவும் உண்மையே. ஆயினும், இந்நியாயங்களைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு எழுதுவது எளிது. தன் மகனின் முகம் அப்பூட்டினுள் இருக்கிறது என்று வந்து நிற்கும் தாய்க்கு, அம்மா, நாங்கள் பணம் கொடுத்தால் உலகில் இக்குற்றம் பெருகும் என்று சொல்ல எவருக்கு நா எழும்? அவளுடைய இழப்பைக் கொண்டு உலகத்தைத் திருத்தும் உரிமை நிலையத்தாருக்கு உண்டா? தன் பொருளைத் துறந்து கொள்கையைக் காப்பவன் மேலோன். பிறர் பொருளைத் துறந்து தன் கொள்கையைக் காப்பவனை அவ்வாறு கூற முடியாது. எனவே, என் கோப்பு ஆயின் கொடேன்; பிறர் ஒப்படைத்தது ஆயின் அவரைக் கேளாமல் மறுக்கவும் மாட்டேன் என்ற நிலையே நேர்மையானதாக எனக்குப் படுகின்றது. இது தெளிவான முடிவன்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே, புயலில் அகப்பட்ட மாலுமி சரக்கைக் கடலில் எறிவதைத் தன்விருப்பமும் நிர்ப்பந்தமும் கலந்த செயலென்று கூறுகின்றார். அவரே வேறோரிடத்தில், எறிந்த கல்லை மீட்க முடியாதாயினும் எறியாதிருத்தல் எறிந்தவனுக்கு இயலுமாயிருந்தது என்றும் காட்டுகின்றார். கப்ப அறிவித்தல் திரையில் தோன்றும் வேளையில் நிலையத்தார் செய்வது முதல்வகைச் செயல். அவர்கள் எதனைத் தெரிந்தாலும் ஒரு தீங்கு எஞ்சும். சுயேச்சையான தெரிவு என்று கூறத்தக்கது அதற்கு முன்னைய மாலைப்பொழுதுகளில் இருந்தது: கடையைப் பூட்டுமுன் வெளிவட்டில் ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு செல்லும் தெரிவு. அறவாராய்ச்சி பெரும்பாலும் 72 மணித்தியாலத்தைப் பற்றியே பேசுகின்றது. அந்த மாலைப்பொழுதுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கழற்றி என்ற சொல்லை அழுத்திக் கூறவேண்டும். எந்நேரமும் பொருத்தியிருக்கும் வட்டும் கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும். இணையச் சேமிப்பில் தானாகவே ஒத்திசையும் கோப்புறையும் பூட்டிய கோப்பையே மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை அச்சேவை வைத்திருந்தாலே தப்பலாம். நொட்பெட்யா மேர்ஸ்க் என்னும் டென்மார்க்குக் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, வலையமைப்பின் பயனாளர் விவரங்களைத் தாங்கிய வழங்கிகள் ஒன்றுக்கொன்று பிரதியாக உலகெங்கும் இருந்தும், யாவும் இணைப்பிலிருந்தமையால் ஒருங்கே அழிந்தன. ஆபிரிக்காவின் கானா நாட்டிலிருந்த ஒன்று மாத்திரம் தப்பியது. காரணம், அவ்வேளையில் அங்கு மின்சாரம் தடைப்பட்டிருந்தது. அந்த வட்டை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லக் கானா ஊழியருக்கு விசா இல்லாமையால், நைஜீரியாவில் வைத்து வேறொருவரிடம் கைமாற்றி விமானத்தில் அனுப்பினர். உலகப் பெருநிறுவனமொன்றை ஒரு மின்வெட்டுக் காத்தது! 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றி இருந்து சபித்த எமக்கு இது ஓர் ஆறுதலாகுமோ தெரியவில்லை.

தொற்று நேர்ந்தபின் செய்யத்தக்கன பல, ஒழுங்கு முக்கியம். முதலில் வலையமைப்பினின்றும் கணினியைப் பிரிக்கவேண்டும். கம்பியைப் பிடுங்குவதே விரைவானது. பிரதி உள்ள வட்டை அவசரத்தில் அக்கணினியிற் செருகுவது பெரும் பேதைமை. அறிவித்தலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்து, எக்குடும்பத்து மென்பொருள் என்பதை இனங்காண வேண்டும். டச்சுப் பொலிசாரும் யூரோப்போலும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் றான்சம் என்னும் திட்டத்தில் பல திறவுகோல்கள் இலவசமாய்க் கிடைக்கின்றன. எமது நாட்டில் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். அதன்பின் பூட்டுண்ட கோப்புகளை வேறொரு வட்டிலே பெயர்த்து வைத்து, கணினியை முற்றாக அழித்து, உரிய மென்பொருளைப் புதிதாக நிறுவி, தூய பிரதியிலிருந்து மீட்கவேண்டும். கடவுச்சொற்களை மாற்றுவது தொற்றில்லாத வேறொரு கருவியிலிருந்து நிகழவேண்டும். நுழைந்த வழியை அடைக்காமல் மீட்பது, ஓட்டைத் தோணியில் நீரிறைப்பதாகும்.

இதுவரை பிரதியைப் போற்றிப் பேசினேன். பிரதியால் தீராத ஒரு சிக்கலும் உண்டு. 2019இன் இறுதிமுதல் கப்பக்காரர் பூட்டுவதோடு நில்லாது, கோப்புகளைத் தாமும் பிரதியெடுத்துக்கொண்டு, பணந்தராவிடின் வெளியிடுவோம் என்றும் அச்சுறுத்தத் தொடங்கினர். பின்லாந்திலே உளவள நிலையமொன்றின் ஆவணங்கள் இவ்வாறு களவாடப்பட்டு, 2020இல் நோயாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கப்பக் கடிதம் சென்றது. வன்னியிலே இதன் பொருள் யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கியவர்கள். அவர்களைப் போன்றோர் அளித்த வாக்குமூலங்கள், பாதிக்கப்பட்ட பெண்களின் கூற்றுகள், சாட்சிகளின் பெயர்கள் முதலியன எத்தனையோ சிறு அமைப்புகளின் மடிக்கணினிகளில் தங்கக்கூடும். அவை அழிந்தால் நீதி தொலையும். வெளிப்பட்டால் ஆளுக்கே ஆபத்து. ஒரு பிரதி அதிகமானால் முதலாவது அச்சம் குறையும். இரண்டாவது அச்சம் வளரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் தரவைக் காக்கும் கடப்பாட்டைச் சட்டமாக்கியுள்ளது. ஆனால் கடப்பாட்டின் முதற்படி, வேண்டாததைச் சேகரியாமை. இரண்டாவது, சேகரித்ததன் பிரதியை நாமே மறையீடு செய்து வைத்தல். கள்வனின் பூட்டுக்கு முன்னே எமது பூட்டு இருக்குமாயின், அவன் கொண்டு செல்வது வெறும் புரியாத எழுத்தாகவே இருக்கும். அத்திறவுகோலை ஒருவரே வைத்திருந்து அவர் இல்லாமற் போனால் என்செய்வது என்ற கேள்வி உடனே எழும். அதையும் இருவரிடம் பிரித்து வைக்கவேண்டியதுதான்.

படப்பிடிப்பு நிலையத்துக்கு மீளலாம். பணம் இல்லை, பிரதி இல்லை, திறவுகோலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பூட்டுண்ட அக்கோப்புகளை அழித்துவிடக் கூடாது. ஸ்டொப் குடும்பத்து மென்பொருள், தாக்கும் வேளையிலே கணினிக்கு இணையத் தொடர்பு கிடையாவிடின், தன்னுள் முன்பே பொதிந்துள்ள ஒரு பொதுச் சாவியினாற் பூட்டிவிடும். அதே சாவியால் வேறு நாடுகளிற் பலர் பூட்டுண்டிருப்பர். அவருள் எவரேனும் கப்பங் கொடுத்துப் பெற்ற திறவுகோலை ஆய்வாளரிடம் ஒப்படைத்தால் ஏனையோர் யாவருடைய கோப்பும் திறக்கும். எம்சிசொஃப்ற் என்னும் நிறுவனம் 2019 ஒக்டோபரில் இம்மென்பொருளின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அதற்கு முன் வட்டை அழித்தவர்களுக்கு அதனாற் பயனில்லை. கப்பங் கொடுத்தல் தவறென்று சற்று முன் கூறினோம். அத்தவறைச் செய்த முன்பின் அறியாத ஒருவராலேயே இத்தாய்க்கு மகனின் முகம் திரும்பவும் கிடைக்கக்கூடும். இதனை அறநூலின் எந்தத் தலைப்பின்கீழ் வைப்பதென்று எனக்குப் புலப்படவில்லை. வட்டின்மேல் திகதியையும் உரியவரின் பெயரையும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை புதிய திறவுகோல் வந்திருக்கின்றதா என்று பார்த்து வருதல் நிலையத்தார் செய்யத்தக்கது.